மூன்றாவது கிராணிக்கு ஏன் மெயில் திறக்கவில்லை?

சம்பள நாள் நெருங்கினால் மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்ட அலுவலகங்களில் ஒரே பரபரப்பு. கிராணிகள், அதாவது அலுவலக எழுத்தர்கள், செக்ரோல் என்ற சம்பளப் பட்டியலை முடிக்க வேண்டும், ஆலைக்குப் போன செம்பனைக் குலைகளின் எடைச் சீட்டுகளைச் சரிபார்க்க வேண்டும், எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து டவுனில் இருக்கும் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் போன் வரும். “அண்ணே, அவங்க ரெண்டு பேருக்கும் மெயில் திறக்குது, எனக்கு மட்டும் திறக்கல. சர்வர் படுத்துருச்சா?” சர்வர் படுக்கவில்லை. பிராசஸர் பாதிகூட வேலை செய்யவில்லை, மெமரி மிச்சம் இருக்கிறது, டிஸ்கில் இடமும் இருக்கிறது. ஆனாலும் மூன்றாவது கிராணிக்கு மெயில் திறக்கவில்லை என்பது உண்மை.

மெயிலைத் திறந்து காட்டும் ஐமேப் சர்வர்களின் இயல்பு அமைப்புகள் ஒரு பழக்கத்தை நம்பி எழுதப்பட்டவை: ஒரு ஆளுக்கு ஒரு கணக்கு, ஒரு இணைய (ஐபி) முகவரியிலிருந்து ஓரிரண்டு பேர். தோட்டத்தில் நிலைமை தலைகீழ். ‘ஆபிஸ்’ என்ற ஒரே கணக்கை மூன்று கிராணிகளும், தோட்ட நிர்வாகியான துரையின் கைப்பேசியும் சேர்ந்து திறந்து வைத்திருப்பார்கள். அலுவலகம் மொத்தமும் ஒரே ரூட்டர் வழியாக, ஒரே பொது முகவரியில் வெளியே போகும். சாயங்காலம் இடி இடித்தால் கரண்ட் போகும். பெரிய சர்வரை டியூன் பண்ணுவது என்றால் கண்ணில் படும் எண்களையெல்லாம் இரண்டு மடங்காக்குவது என்று நினைக்கிறவர்கள் நிறைய. எந்த எண் எந்தப் பழக்கத்தோடு மோதுகிறது என்று கண்டுபிடிப்பதிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும் என்பது என் கருத்து.

கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். ஐமேப் 1986-ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் வடிவமைத்தது. பாப் என்ற இன்னொரு மெயில் முறையில் மெயிலை இறக்கிக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடலாம். ஐமேப்பில் மெயில் சர்வரிலேயே இருக்கும், பார்க்கிறவர்தான் வந்து வந்து போக வேண்டும். 1997-ல் ஐடில் என்ற நீட்டிப்பு வந்தது. ‘புது மெயில் வந்தால் நீயே சொல், நான் காத்திருக்கிறேன்’ என்று மெயில் செயலி சர்வரிடம் சொல்லிவிட்டு இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும். 29 நிமிடத்துக்கு ஒரு முறையாவது அதைப் புதுப்பிக்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. ஐமேப்பின் விதிகளைச் சொல்லும் ஆவணங்களான, 2003-ல் வந்த ஆர்.எஃப்.சி 3501, 2021-ல் வந்த 9051 எல்லாமே இந்த அடிப்படையில் நிற்கின்றன. ஆக, ஐமேப் சர்வரின் சுமை எத்தனை மெயில் வந்தது என்பதைவிட எத்தனை பேர் சும்மா காத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சும்மா காத்திருக்கும் ஒவ்வொரு இணைப்பும் ஒரு பிராசஸ் (சர்வரில் ஓடும் தனி வேலை), ஓர் எண்ணிக்கை, ஓர் இடம்.

இப்போது மூன்றாவது கிராணிக்கு வருவோம். டீமோ சிரைனன் எழுதி 2002-ல் வெளிவந்த டவ்காட் இன்று உலகம் முழுக்கப் புழங்கும் ஐமேப் சர்வர். அதில் ஓர் அமைப்பு உண்டு: ஒரே கணக்குக்கு, ஒரே முகவரியிலிருந்து, ஒரே நேரத்தில் 10 இணைப்பு வரைதான் அனுமதி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு ஆளுக்கு எதற்குப் பத்துக்கு மேல்? ஆனால் கிராணிகளின் கணினியில் இருக்கும் தண்டர்பேர்ட் என்ற மெயில் செயலி ஒரு கணக்குக்கு 5 இணைப்பு வரை திறந்து வைத்துக்கொள்ளும், அது அதனுடைய இயல்பு அமைப்பு. முதல் கிராணிக்கு 5, இரண்டாவது கிராணிக்கு 5. ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து வேலை செய்கிற மாதக் கடைசியில் கணக்கு சரியாக 10-ல் முட்டி நிற்கும். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. மாதத் தொடக்கத்தில் இதே மூன்று பேருக்கும் பிரச்சினை இருக்காது, ஏனென்றால் அப்போது ஆளுக்கு ஒன்றிரண்டு ஃபோல்டர்தான் திறந்திருக்கும். அதனால்தான் இது ‘வந்து வந்து போகிற’ கோளாறாகத் தெரிகிறது, ரூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிட்டது போலவும் தோன்றுகிறது.

இதை ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் லாகில் ‘பயனர், முகவரி இரண்டுக்கும் சேர்த்த உச்ச இணைப்பு எண்ணிக்கை தாண்டிவிட்டது’ என்று டவ்காட் வெளிப்படையாகவே எழுதி வைக்கும். டவ்காட்டை நிர்வகிக்கும் டவ்அட்ம் கருவியில் ‘ஹூ’ என்று கேட்டால் எந்தக் கணக்கு எந்த முகவரியிலிருந்து எத்தனை இணைப்பு வைத்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். அந்த எண்ணை 10-லிருந்து 40 அல்லது 50 ஆக்குவது உடனடி மருந்து. கூடவே மெயில் செயலிகளில் இணைப்பை 2 ஆகக் குறைக்கச் சொல்லலாம். நல்ல தீர்வு வேறு: கிராணிகள் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கொடுத்து, ‘ஆபிஸ்’ பெட்டியைப் பகிர்வு ஃபோல்டராகக் காட்டுவது. யார் படித்தார்கள், யார் அழித்தார்கள் என்பதும் அப்போது தெரியும். சொன்னால் தலையாட்டுவார்கள், ஆனால் பழக்கம் மாற நாளாகும்.

“எதுக்கு இந்தத் தொல்லை, கூகுளுக்குப் போயிடலாமே” என்று கேட்பவர்கள் உண்டு. போகலாம், அதற்கான நல்ல காரணங்களும் இருக்கின்றன. ஆனால் ஜிமெயிலிலும் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புதான். நாளொன்றுக்கு ஐமேப் வழியாக இறக்குவதற்கு 2,500 எம்பி என்ற வரம்பும் உண்டு. நான்காவது கிராணி வேலைக்குச் சேர்ந்தால் அங்கேயும் இதே போன்தான் வரும், எண்ணை மாற்றுகிற வசதி மட்டும் நம் கையில் இருக்காது.

கரண்ட் போய் வருவது இதையே இன்னும் சிக்கலாக்குகிறது. மழைக்குப் பேர்போன தைப்பிங் நமக்குப் பக்கத்தில்தான், இந்தப் பக்கத்து இடி மின்னலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தோட்ட அலுவலகத்தில் கரண்ட் போனால் கணினிகளும் ரூட்டரும் ஒரே நொடியில் அணைந்துவிடும். ‘போய் வருகிறேன்’ என்று இணைப்பை முறையாக முடிக்க எதற்கும் நேரமில்லை. டவுனில் கடைவீட்டு மாடியில் யுபிஎஸ்ஸோடு ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு அந்த 10 இணைப்பும் இன்னும் உயிரோடு இருப்பதாகவே நினைப்பு. ஐடிலில் இருக்கும் இணைப்புகளுக்கு டவ்காட் 2 நிமிடத்துக்கு ஒரு முறை ‘இன்னும் இருக்கிறேன்’ என்று ஒரு வரி அனுப்பும். அதற்குப் பதில் வராது. லினக்ஸ் அதைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். இயல்பு அமைப்பில் 15 முறை, இடைவெளி கூடிக்கொண்டே போக, கைவிடுவதற்குச் சுமார் 15 நிமிடம் ஆகும். இதற்குள் கரண்ட் வந்துவிட்டது, கிராணிகள் கணினியைப் போட்டுவிட்டார்கள், நிலையான பொது முகவரி என்பதால் அதே முகவரியிலிருந்து வருகிறார்கள். செத்துப்போன 10 இணைப்பும் கணக்கில் இருக்கின்றன. மூன்றாவது ஆளுக்கு மட்டுமல்ல, ஒருவருக்குமே திறக்காது. கால் மணி நேரத்துக்குப் பிறகு தானாகவே சரியாகிவிடும். முகவரி மாறிக்கொண்டே இருக்கும் வீட்டு இணைப்பில் இந்தப் பிரச்சினை வராது என்பதால், “வீட்ல நல்லா திறக்குது, ஆபிஸ்லதான் திறக்கல” என்று வேறு சொல்வார்கள். அவர்கள் சொல்வது முழுக்கச் சரி. தொழில்நுட்பம் தெரியாதவர் சொல்லும் அறிகுறியை அப்படியே குறித்துக்கொள்வது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. டவ்அட்மில் ‘கிக்’ என்று கொடுத்து அந்தப் பழைய இணைப்புகளைத் துரத்திவிட்டால் உடனே வேலை நடக்கும்.

கரண்ட் போனது டவுனில் என்றால் கதை வேறு. சர்வர் திரும்ப எழும்போது எல்லாத் தோட்டங்களிலும் உள்ள எல்லாச் செயலிகளும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டும். இங்கே முட்டுவது லாகின் வாசலில். டவ்காட் 2.3 வரிசையின் இயல்பு அமைப்பில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனி லாகின் பிராசஸ், மொத்தம் 100-தான். டிஎல்எஸ் என்ற மறையாக்கிய இணைப்பாக இருந்தால் அந்த லாகின் பிராசஸ் உள்ளே விட்டதும் போய்விடாது, மறையாக்கத்தைக் கவனித்துக்கொண்டு கடைசி வரை கூடவே இருக்கும். எனவே 101-வது ஆள் வெளியே நிற்பார். சில ஆயிரம் கணக்குகள் உள்ள இடத்தில் இதை விட்டுவைக்கவே கூடாது. ஒரே பிராசஸ் பல நூறு இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் முறைக்கு மாற்றி, பிராசஸர் கோர் எத்தனையோ அத்தனை லாகின் பிராசஸ்களை எப்போதும் தயாராக வைக்க வேண்டும். ஒன்று மற்றொன்றிலிருந்து பிரிந்திருக்கும் பாதுகாப்பு இதில் கொஞ்சம் குறையும், அது தெரிந்தே எடுக்கும் முடிவு.

இதன் தம்பி மாதிரி ஒன்று லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் இருக்கிறது. புது மெயில் வந்ததை உடனே அறிய டவ்காட் ஐநோட்டிஃபை என்ற வசதியைப் பயன்படுத்துகிறது. ஒரு லினக்ஸ் பயனருக்கு இயல்பாக 128 ஐநோட்டிஃபைதான். பல சர்வர்களில் எல்லாப் பெட்டிகளும் ஒரே லினக்ஸ் பயனரின் கீழ்தான் இருக்கும். 129-வது ஆளுக்கு மெயில் திறக்கும், படிக்கலாம், அனுப்பலாம், ஆனால் புது மெயில் வந்தது உடனே தெரியாது. “மெயில் லேட்டா வருது” என்று புகார் வந்தால் அனுப்பும் பக்கத்தை நோண்டுவதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள். இதையும் லாகில் டவ்காட் சொல்லிவிடும்.

பாஸ்வர்ட் விஷயம் தனிக் கதை. தவறான பாஸ்வர்ட் வந்த முகவரிக்கு டவ்காட் தண்டனைத் தாமதம் போடும்: 2 நொடி, பிறகு இரட்டிப்பாகி, அதிகபட்சம் 15 நொடி. ஒரே பயனர்பெயரும் ஒரே பழைய பாஸ்வர்டும் திரும்பத் திரும்ப வந்தால் தாமதத்தை ஏற்றாது, யாரோ கைப்பேசியில் மாற்ற மறந்துவிட்டார் என்று புரிந்துகொள்ளும். அதை எழுதியவர்கள் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய மரியாதையைத் தருகிறது. ஆனால் பக்கத்தில், தவறான லாகின் முயற்சிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் என்ற செயலி ஓடினால் அதற்கு இந்த நுணுக்கம் தெரியாது, அது லாகில் வரிகளை மட்டும் எண்ணும். இயல்பு அமைப்பில் 10 நிமிடத்துக்குள் 5 தவறு என்றால் 10 நிமிடம் அந்த முகவரிக்கே கதவடைப்பு. ஓய்வுபெற்றுப் போன ஒரு கிராணியின் கைப்பேசியில் பழைய பாஸ்வர்ட் இருக்கிறது, அவர் பழைய நண்பர்களைப் பார்க்க அலுவலகத்துக்கு வருகிறார், கைப்பேசி தானாக அங்குள்ள வைஃபையில் சேர்கிறது. அவ்வளவுதான், அலுவலகம் முழுக்க மெயில் நின்றுவிடும். தோட்டங்களின் நிலையான முகவரிகளை ஃபெயில்2பேனின் விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டு, அந்த முகவரிகளிலிருந்து வரும் தவறுகளைத் தினமும் கண்ணால் பார்ப்பது நல்லது. அதே முகவரிகளைச் சர்வரின் ‘நம்பகமான’ பட்டியலில் சேர்க்கச் சொல்லும் யோசனையை மட்டும் ஏற்காதீர்கள், அது மறையாக்கம் இல்லாத லாகினுக்கும் வழி திறந்துவிடும்.

இதுவரை சொன்னது வாசலில் நிற்கிறவர்களைப் பற்றி. உள்ளே வந்தவர்கள் காத்திருப்பது பெரும்பாலும் டிஸ்குக்காக. லோட் ஆவரேஜ், அதாவது வேலைக்காக வரிசையில் நிற்கும் பிராசஸ்களின் சராசரி எண்ணிக்கை, 40 என்று பார்த்ததும் பிராசஸர் போதவில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். லினக்ஸில் அந்த எண்ணில் டிஸ்குக்காகக் காத்திருப்பவர்களும் அடக்கம். ஆலை வாசலில் 40 லாரி நிற்கிறது என்றால் ஆலை சிறியது என்று அர்த்தமில்லை, எடைமேடை ஒன்றுதான் இருக்கிறது என்றும் இருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 7,200 சுற்றும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. வேண்டிய இடம் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிநொடி. தலை நகர 8, 9 மில்லிநொடி. ஆக ஒரு வேலைக்கு 12, 13 மில்லிநொடி, நொடிக்குச் சுமார் 80 வேலை. பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் ரெய்டு முறையில், ரெய்டு 5 என்றால் சிறிதாக ஒன்றை எழுதுவதற்கு நான்கு டிஸ்க் வேலை, ரெய்டு 10 என்றால் இரண்டு. மெயில் சர்வர் செய்வது முழுக்க முழுக்கச் சிறிது சிறிதாக எழுதும் வேலை. அதனால் மெயிலுக்கு ரெய்டு 5 போட்டவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான். எல்லாப் பெட்டியையும் எஸ்எஸ்டிக்கு மாற்றப் பணம் இல்லையென்றால் மெயில்களின் விவரங்களைக் குறித்து வைத்திருக்கும் இன்டெக்ஸ் ஃபைல்களை மட்டுமாவது எஸ்எஸ்டியில் வையுங்கள். டவ்காட் அதற்கு இடம் தருகிறது, கிடைக்கும் பலன் செலவைவிடப் பெரியது.

ஒன்றையுமே மாற்றவில்லை, திடீரென்று ஒரு நாள் எல்லாம் மெதுவாகிவிட்டது என்றால் ரெய்டு கார்டின் பேட்டரியைப் பாருங்கள். அது செத்துவிட்டால் கார்டு தன் நினைவகத்தில் எழுதிவிட்டு ‘ஆயிற்று’ என்று சொல்வதை நிறுத்திவிடும். எழுதுவது ஒவ்வொன்றும் டிஸ்க் வரை போய் வர வேண்டும்.

மெயிலை டிஸ்கில் சேமிக்கும் மெயில்டிர் என்ற முறையில் ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல். படித்தது, படிக்காதது என்ற குறி ஃபைல் பெயரிலேயே இருக்கும். எளிமையானது, பழுதானால் கையால் சரிசெய்யலாம், அதனால் எனக்குப் பிடிக்கும். ஆனால் இரவு பேக்கப் ஒவ்வொரு ஃபைலையும் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். அது விடிந்தும் முடியாவிட்டால், காலையில் தோட்ட அலுவலகங்கள் திறக்கும் நேரத்தில் சர்வர் மூச்சுத் திணறும். இன்னொன்று, லினக்ஸின் இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் அமைப்பு இயல்பாக 16 கேபிக்கு ஓர் ஐநோடு (ஒரு ஃபைலுக்கு ஒன்று வேண்டிய பதிவு) என்று கணக்குப் பண்ணி வைக்கும், ஒரு டெராபைட்டுக்குச் சுமார் 67 மில்லியன். சின்னச் சின்ன மெயில்கள் குவிந்தால் இடம் மிச்சமிருக்கும்போதே ‘இடமில்லை’ என்று சொல்லும். ஐநோடு எண்ணிக்கையையும் கண்காணிப்பில் சேர்த்துவிட்டால் போதும்.

இன்பாக்ஸில் ஒரு லட்சம் மெயில் வைத்திருப்பவர்கள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு, ஒன்றையும் அழிக்க மாட்டார்கள். பழைய செயலி ஒன்று அதைத் திறந்ததும் எல்லா மெயிலின் குறிகளையும் கேட்கும். ஒரு மெயிலுக்கு 40 பைட் பதில் என்றாலும் 4 எம்பி, திறக்கும்போதெல்லாம். கண்ட்ஸ்டோர் என்ற நீட்டிப்பு தெரிந்த செயலி ‘கடைசியாகப் பார்த்ததற்குப் பிறகு மாறியதை மட்டும் சொல்’ என்று கேட்கும். இத்தகைய கணக்குக்கு டவ்காட்டின் இன்டெக்ஸ் கேஷ் ஃபைலும் பெரிதாகிவிடும். பழைய பதிப்புகளில் ஒரு பிராசஸுக்கு 256 எம்பி என்ற உச்சவரம்பு இருந்தது, கேஷ் அதைத் தாண்டினால் மெமரி போதவில்லை என்று பிராசஸ் விழும், அந்த ஒருவருக்கு மட்டும். அந்த வரம்பை ஏற்ற வேண்டும். இன்டெக்ஸை அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், வேலை நேரத்தில் கேட்காதீர்கள். அழித்த இன்டெக்ஸைக் கட்ட ஒரு லட்சம் ஃபைலையும் திறந்து படிக்க வேண்டும்.

கடைசியாக, தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய சிக்கல்கள். ஐமேப்பின் பழைய விதியில் ஃபோல்டர் பெயர்கள் திருத்திய யூடிஎஃப்-7 என்ற குறியாக்கத்தில் போகும், மெயில்டிரில் டிஸ்கிலும் இயல்பாக அப்படியே இருக்கும். ‘செம்பனைக் கணக்கு’ என்ற பெயர் டிஸ்கில் 45 பைட். உள்ஃபோல்டர்கள் எல்லாம் புள்ளியிட்டு ஒரே பெயராகக் கோக்கப்படும், ஒரு பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். இந்த நீளத்தில் ஐந்து அடுக்கு நிற்கும், ஆறாவது நிற்காது. தோட்டம், டிவிஷன், ஆண்டு, மாதம், வேலை, ஆள் என்று அடுக்கி வைக்கும் ஒழுங்கான கிராணிக்குத்தான் இந்தப் பிழை வரும். பெயரைச் சுருக்கச் சொல்வதைவிட, ஃபோல்டர்களை உள்ளுக்குள் உள்ளாக வைக்கும் அமைப்புக்குச் சர்வரை மாற்றுவது மேல்.

தேடல் இன்னும் முக்கியம். மெயிலுக்குள் இருக்கும் தமிழ் பெரும்பாலும் பேஸ்64 என்ற குறியாக்கத்தில் பொதிந்து வருகிறது. தேடல் இன்டெக்ஸ் இல்லாவிட்டால் ஒரு சொல்லைத் தேட ஒவ்வொரு மெயிலையும் திறந்து, அவிழ்த்து, படிக்க வேண்டும். ஒருவர் தேடினாலே டிஸ்குக்கு வேலை தலைக்கு மேல் போய்விடும். முழு உரை இன்டெக்ஸ் போடுங்கள், போடும்போது, ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு சீராக்கத்தையும் இயக்குங்கள். ‘கொ’ என்பதை ஒரு கீபோர்டு ஒற்றைக் குறியோடு எழுதும், இன்னொன்று ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாக எழுதும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, சீராக்காத இன்டெக்ஸுக்கு இரண்டும் வேறு. ‘கொடிக்கம்பம்’ என்று தேடினால் பாதி மெயில்தான் கிடைக்கும்.

யூனிகோடுக்கு முந்திய மெயில்கள் இன்னும் கடினம். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள் நம் நாட்டில் பிறந்தது, கணினியில் தமிழ் மடல் எழுதும் பழக்கம் இங்கே சீக்கிரமே வேரூன்றியது. அந்தக் கால மெயில்கள் டிஸ்கி (TSCII) என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்திலும் வேறு எழுத்துருக் குறியாக்கங்களிலும் இருக்கின்றன, தலைப்பில் மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று தவறாகக் குறிக்கப்பட்டவை அவற்றில் பல. கோயில் கமிட்டி, கூட்டுறவுக் கிளை, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கம் இவற்றின் இருபது வருடத்துக் கடிதங்கள் இந்த நிலையில் கிடந்தால், அவை தேடலில் அகப்படாது. மூல மெயிலுக்குள் கை வைத்து எழுத்தை மாற்றிவிடக் கூடாது. ஐமேப்பில் ஒரு மெயிலுக்கு எண் கொடுத்த பிறகு அதன் உள்ளடக்கம் மாறாது என்பது ஒப்பந்தம், செயலிகள் அதை நம்பித்தான் தங்கள் பிரதியை வைத்திருக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றிய பிரதியைப் பழைய தேதியோடு தனி ஃபோல்டரில் புது மெயிலாகச் சேர்த்து, அந்த ஃபோல்டரை மட்டும் ராத்திரியில் இன்டெக்ஸ் பண்ண விடலாம்.